மாவு பொங்கும் அறை

மேகமலை எஸ்டேட்டின் சர்வர் அறைக்குள் யார் நுழைந்தாலும் முதலில் மூக்கில் ஏறுவது இட்லி மாவின் புளிப்பு வாடைதான். கம்ப்யூட்டருக்கும் மாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் ஒரு கார்த்திகை மாதம் அங்கே குடியிருந்து பார்க்கட்டும். அந்தக் குளிரில் மாவு பொங்கவே பொங்காது. கரைத்து வைத்தது கரைத்தபடி உட்கார்ந்திருக்கும். சர்வருக்குப் பின்னால் மட்டும் எந்நேரமும் வெதுவெதுவென்று காற்று வரும். தேயிலைக் கொழுந்து பறிக்கிற மொக்கம்மாள் ஒருநாள் தன் தூக்குவாளியைக் கொண்டுவந்து வைத்தாள். விஜி வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்புறமென்ன, தொழிலாளர் லைன் வீடுகள் மொத்தமும் வாளியோடு வந்துவிட்டன. பதிலுக்கு விஜிக்கு எல்லார் வீட்டிலும் இட்லி.

விஜி அந்த அறையைப் பார்த்துக்கொள்பவள். ஃபேக்டரியிலும் ஆபீசிலும் இருக்கும் கம்ப்யூட்டர்களின் அன்றன்றைய வேலையெல்லாம் நகலாகி இங்கே வந்து அடுக்கப்படும். அதற்குப் பேக்கப் என்று பெயர். போன நாள் திரும்பி வருமா என்று ஊரில் பெருமூச்சு விடுவார்கள். விஜியின் அறையில் வரும். போன வருஷத்து வெள்ளிக்கிழமை ஒன்றைக் கேட்டால், கொஞ்சம் முனகிவிட்டு அப்படியே எடுத்துக் கொடுக்கும். ஜன்னல் வழியாக மேகம் உள்ளே வந்து மேசைமேல் படுத்துக்கொள்ளும் மத்தியானங்களில், இந்த எஸ்டேட்டின் நாட்களெல்லாம் தன் முதுகுக்குப் பின்னால் தூங்குவதாக அவளுக்குத் தோன்றும். அவளுக்கும் தூக்கம் வரும். இப்படி ஒரு நிம்மதி தனக்கும் வாய்க்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

கீழே சின்னமனூரில் அவள் வாழப்போன வீடு இருக்கிறது. வயிற்றில் ஒன்று தங்காமல் போனதும் மாமியார் அவளை ராசியில்லாதவள் என்றாள். புருஷன் பாண்டீஸ்வரன் திட்டவுமில்லை, அடிக்கவுமில்லை. வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு சாப்பாட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு மலையேறினாள்.

2009 ஐப்பசியில் உத்தரவு வந்தது. எல்லா பேக்கப்பும் சின்னமனூர் ஆபீசில் வாங்கியிருக்கும் புது சர்வருக்கு மாற வேண்டும். விஜிக்கும் அங்கேயே நாற்காலி. புருஷனின் எலக்ட்ரிக் கடை அந்த ஆபீசுக்கு எதிர்த்த வரிசை. என்ன செய்வாள்? பழைய நகல்களை டிஸ்க்கில் ஏற்றிக் கொடுத்தாள். ஜெய்லானி அண்ணன் தன் ஜீப்பில் கொண்டுபோய் இறக்கினார். கம்ப்யூட்டர் பிரிவுக்குப் பெரியவரான சுந்தரலிங்கம் சார் அங்கே பேக்கப் எடுக்கும் சாஃப்ட்வேரைப் போட்டு, நகல் இருக்கும் இடத்தை ஒவ்வொன்றாக அதற்குக் காட்டிக் கொடுத்தார். பாக்கி இருந்தது ஒரே ஒரு சோதனை. விஜி மேலே இருந்தபடியே புது சர்வரிலிருந்து ஏதாவது ஒரு பழைய நாளை வரவழைத்து, இங்கே இருப்பதோடு ஒப்பிட வேண்டும். சரி என்று விஜி சொல்லிவிட்டால் மேலே இருப்பதை அணைத்துவிடலாம்.

எடுத்துப் பார்த்தாள். அச்சு அசலாக வந்திருந்தது. சார் போனில் கேட்டார். சரியாக வரவில்லை, பாதியில் உடைந்திருக்கிறது என்று சொல்லிவிட்டாள்.

அந்த மனுஷன் சந்தேகப்பட்டிருந்தால்கூடத் தேவலை. டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு தானே ஜீப்பில் ஏறி, கொண்டை ஊசி வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்து, வெளிறிய முகத்தோடு வந்து நின்றார். “நீ சொன்னாச் சரியாத்தாம்மா இருக்கும். நான்தான் எங்கனயோ கோட்டை விட்டுட்டேன் போல” என்றார். மறுபடி நகலெடுக்கச் சொல்லிவிட்டு, ஒரு டீ குடித்தால்தான் உயிர் வரும் என்று கேன்டீனுக்குப் போனார். விஜிக்கு உடம்பு கூசியது.

வாளி எடுக்க வந்த மொக்கம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மொக்கம்மாள் மூடியைத் திறந்து மாவைப் பார்த்தாள். பிறகு அவளைப் பார்த்தாள்.

“எங்க மாவுக்காகவா ஆத்தா பொய் சொன்ன? பொங்காட்டி தோசையா ஊத்தித் திங்கப் போறோம்.”

“மாவுக்காக இல்லக்கா. கீழ போனா அவுக வந்து கூப்பிடுவாக.”

“வரமாட்டேன்னு சொல்லு.”

“சொல்ல வராதுக்கா. அவுக ஒரு வார்த்தை கூப்பிட்டாப் போதும், பின்னாலயே போயிருவேன். அதான் பயமா இருக்கு.”

மொக்கம்மாள் தன் வாளியோடு மற்ற வாளிகளையும் கைக்கு இரண்டாகக் கோர்த்துக்கொண்டாள். எடுத்து முடிக்க மூன்று நடை ஆனது. கடைசி நடையில் மட்டும் ஈரக் கையால் விஜியின் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனாள்.

சார் டீ குடித்துவிட்டு வந்தார். விஜி எழுந்து நின்றாள். “சார், மொதல்லயே சரியாத்தான் வந்துச்சு. நான்தான் பொய் சொன்னேன்.”

சுந்தரலிங்கம் கொண்டுவந்த டிஸ்க்கை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். சின்னமனூர்க்காரருக்கு அவள் கதை தெரியாமலா இருக்கும்? “அணைச்சிட்டு வாம்மா. நான் வண்டியில இருக்கேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார்.

முறைப்படி ஒவ்வொன்றாக நிறுத்தினாள். விசிறிகள் முனகி, மெதுவாகி, நின்றன. நான்கு வருஷமாக ஓயாத இரைச்சல் அது. காது அடைத்ததுபோல் இருந்தது. பிறகு சுவருக்குப் பின்னால் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. அங்கே ஓர் ஓடை இருக்கிறது என்பதே அவளுக்குத் தெரியாது. இத்தனை நாளும் அவள் முதுகுக்குப் பின்னால்தான் ஓடியிருக்கிறது.

கீழே ஜெய்லானி ஹாரன் அடித்தார்.

“வர்றேண்ணே” என்றாள். அவளுடைய குரல் அந்த அறையில் இத்தனை பெரிதாக எழும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை, தானே திடுக்கிட்டாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கதவுப் பக்கம் போகாமல், எதிரே பாண்டீஸ்வரன் நிற்பதுபோல் வெறும் சுவரைப் பார்த்து நின்றாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“நான் வரலைங்க” என்று சொல்லிப் பார்த்தாள்.

ஓடைச் சத்தத்துக்கு மேலே, நன்றாகவே கேட்டது.