பாலிமர் செம்மலின் செருப்பு

திண்டுக்கல் நகர்வாழ் பெருமக்களுக்கும், புதிதாகப் பிறந்திருக்கும் நம் மாவட்டத்தின் சகல பாதங்களுக்கும் அறிவிப்பது யாதெனில்: ஆதிகாலந்தொட்டுப் பகைத்து நின்ற ரப்பரும் பிளாஸ்டிக்கும் எமது ஆலையில் இரண்டறக் கலந்துவிட்டன. இனிச் செருப்பு தேயாது. இங்ஙனம், பாலிமர் செம்மல் முத்துக்கிருஷ்ணன்.

ரோஸ் நிற நோட்டீஸ், ஐயாயிரம் பிரதி. பட்டத்தை வழங்கியவரும் அவரே, பெற்றுக்கொண்டவரும் அவரே. வத்தலக்குண்டு ரோட்டில் இருந்த ஆலை என்பது ஒரு தகரக் கொட்டகை, இரட்டை உருளை போட்ட கலவை மில் ஒன்று, அதை ஓட்டும் பீர் முகமது.

செம்மல் கலவைச் சீட்டை நீட்டியபோதே பீர் முகமது சொல்லிவிட்டார்.

"மொதலாளி, பழைய பி.வி.சி. பிளாஸ்டிக் செருப்போட சேர்றது நைட்ரைல் ரப்பருதேன். நீங்க சாதா ரப்பரப் போடச் சொல்றீக. உருளையில ஒண்ணா இருக்கும். ஒண்ணா ஆகாது."

"நைட்ரைல் என்ன வெல தெரியுமாய்யா? நாப்பது தடவ ஓட்டு. சேராம எங்க போகும்?"

"நானூறு தடவ ஓட்டுனாலும் பிரியும்."

"பிரிஞ்சா, நீ கலக்குன லட்சணம் அது. அன்னிக்கே வீட்டுக்குப் போயிரு."

சீட்டில் 'நைட்ரைல்' என்பதை அடித்து, பச்சை மையில் 'சாதா ரப்பர் போதும்' என்று எழுதி, பட்டத்தோடு கையெழுத்திட்டார். பால் அட்டையில்கூட அவர் பட்டம் இல்லாமல் கையெழுத்துப் போடுவதில்லை. பீர் முகமது சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. தெரிந்த ஒரே தொழில் இதுதான். ஊரில் அவருக்குத் தெரிந்து வேறு ரப்பர் மில் கிடையாது.

சோல் பளபளவென்று வந்தது. செம்மல் அதை ரோட்டில் போட்டு, மேலே லாரியை ஏற்றச் செய்தார். ஒன்றும் ஆகவில்லை. சம்பளம் வாங்குகிறவர்கள் கைதட்டினார்கள்.

"லாரி மிதிக்கும் மொதலாளி. மனுசன் காலு மடக்குமில்ல?" பீர் முகமது ஒரு சோலை இரண்டாக மடக்கினார். மடிப்பில் வெள்ளைக் கோடு விழுந்தது. நகத்தால் நெம்பினால் பரோட்டா மாதிரி ஏடு ஏடாக வந்தது.

"லாரிய விடக் கனமாய்யா நீ?" என்று செம்மல் பிடுங்கிக்கொண்டார்.

அடுத்த வாரம் அய்யலூர் ஆட்டுச் சந்தை. நாள் முழுக்க நடக்கிற வியாபாரிகள். இவர்கள் வாங்கினால் ஊரே வாங்கும். மைக் கட்டிய வேனில் இருந்து முதல் ஜோடியைப் போட்டுக்கொண்டு செம்மல் இறங்கினார். செருப்பு மூட்டையோடு பின்னால் பீர் முகமது. முப்பது அடி கம்பீரமாக நடந்தார். முப்பத்தோராவது அடியில் வாரும் ஒரு மெல்லிய ஏடும் காலோடு வந்தன. மிச்ச சோல் புழுக்கையிலேயே தங்கிவிட்டது. ஒரு வெள்ளாடு மோந்து பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டது.

ஆட்டு வியாபாரி மொக்கைச்சாமி அதைக் கம்பால் தூக்கினார். "ஏன் அப்பு, நாங்க ஆட்டுக்குத்தேன் தோலு உரிப்போம். நீங்க செருப்புக்கே உரிக்கிறீகளே!"

செம்மல் மைக்கைப் பிடித்தார். "இந்தப் பீரு பய கலவையக் கெடுத்துட்டான்!"

பீர் முகமது சட்டைப்பையில் கைவிட்டார். சீட்டை எடுத்து மொக்கைச்சாமியிடம் கொடுத்தார். அவர் மைக்கைப் பிடுங்கி எழுத்துக்கூட்டிப் படித்தார்: "சாதா ரப்பர் போதும். பாலிமர் செம்மல்... அடி ஆத்தீ, பச்ச மையில்ல!"

சந்தையே சிரித்தது. செம்மல் வெறுங்காலோடு வேனுக்கு ஓடினார். பீர் முகமதுவை ஏற்றிக்கொள்ளாமலே வேன் போனது. நியாயம் ஜெயித்தது என்று சொல்லி மொக்கைச்சாமி அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் பீர் முகமதுவுக்கு வேலை போயிற்று.