என் ஆறு நிமிடமும் ஓர் ஆடும்

தொலைக்காட்சியில் நான் ஆறு நிமிடம் பேசினேன். ஊரே பார்த்தது, நான் மட்டும் பார்க்கவில்லை. நேரலை நிகழ்ச்சியில் பேசிக்கொண்டிருப்பவள் தன்னை எப்படிப் பார்த்துக்கொள்வாள்? மறு ஒளிபரப்பு கிடையாது, நகல் தரும் வழக்கமும் கிடையாது என்று நிலையத்தில் முதலிலேயே கையை விரித்துவிட்டார்கள். அதனால்தான் அந்த டிவிடி ரெக்கார்டர் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது.

நான் தையல்காரி. புதுத்துணி தைப்பதில்லை, பழையதைப் பிழைக்க வைப்பதுதான் என் தொழில். ஜிப் மாற்றுவேன், தொளதொளத்த இடுப்பைப் பிடித்துத் தைப்பேன், தேய்ந்துபோன சட்டைக் காலரைப் பிரித்துத் திருப்பித் தைத்து இன்னும் மூன்று வருடம் ஓட வைப்பேன். அந்தக் காலர் வேலையைச் செய்து காட்டத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

என் வீட்டுக்காரர் பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த பஸ் எந்த மேடையில் நிற்கிறது என்று நாள் முழுக்க மைக்கில் சொல்கிறவர். வேலை முடிந்து வந்தாலும் அந்தக் குரல் இறங்காது. சாப்பாட்டில் உப்பு குறைவு என்பதைக்கூட இரண்டு முறை அறிவிப்பார். அவர் பேச ஆரம்பித்தால் யாராலும் நிறுத்த முடியாது. அவருடைய அக்கா பேச ஆரம்பித்தால் அவரே நிறுத்திக்கொள்வார். அக்கா கிழித்த கோட்டைத் தம்பி தாண்டியதில்லை. இந்த இரண்டு பேருக்கும் நடுவில், பதினெட்டு வருடக் கல்யாண வாழ்க்கையில், ஒரு வாக்கியத்தை நான் முழுசாக முடித்ததாக ஞாபகம் இல்லை. "நாளைக்கு நான்..." என்று ஆரம்பிப்பேன். மீதியை நாத்தனார் முடித்துவைப்பார், பெரும்பாலும் தப்பாக. யாரும் குறுக்கே விழாமல் நான் பேசினால் எப்படி இருக்கும் என்று என் கண்ணால் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

கடையில் இருந்ததிலேயே மலிவான ரெக்கார்டரை வீட்டுக்காரர் வாங்கி வந்தார். கேள்விப்படாத கம்பெனி. வீட்டிலேயே பாடிப் பதிவு செய்துகொள்ள ஒரு மைக் இலவசம். அந்த மைக்கைக் கையில் எடுத்ததுமே மனுஷனுக்கு மெஷின் மேல் காதல் வந்துவிட்டது.

"எப்படி ஓட்டுறதுன்னு புத்தகத்தைப் படிச்சீங்களா?" என்று கேட்டேன்.

"பதினேழு பாஷையில போட்டிருக்கான், நம்ம பாஷையில இல்ல. ஒரே ஒரு சிவப்பு பட்டன். இதுக்கு என்ன படிப்பு வேணும்?"

ஞாயிற்றுக்கிழமை மாலை நிலையத்திலிருந்து வீடு திரும்பினேன். கூடத்தில் நாத்தனாரும் பக்கத்து வீட்டு டைப்பிஸ்டும் அவள் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். "பிரமாதம்" என்றாள் டைப்பிஸ்ட். செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல், "போடுங்க, போடுங்க" என்று டிவியின் முன்னால் உட்கார்ந்தேன். வீட்டுக்காரர் பட்டனை அழுத்தினார்.

திரையில் ஓர் ஆடு வந்தது.

நல்ல கொழுத்த ஆடு. அதன் பக்கத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்ட கால்நடை மருத்துவர். சத்தம் எழும்புவதற்குள் நான் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது என்பார்கள். குரங்காவது மனித ஜாடையில் இருக்கும்.

"டிவியில நீதான் ஓடிட்டு இருந்தே. நாங்க எல்லாரும் பாத்தோமே" என்றார் வீட்டுக்காரர். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"போகட்டும் விடு, நீ ரொம்ப ஆசைப்பட்டே பாவம்" என்று நாத்தனார் என் தோளைத் தட்டினார். "ஆடும் பாக்க லட்சணமாத்தான் இருக்கு." ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

மூன்று நாள் நான் வீட்டுக்காரரோடு பேசவில்லை. ஆத்திரம் என்பதைவிட அழுகைதான். இன்னொரு முறை என்னை யார் கூப்பிடப் போகிறார்கள்? காலரை ஒருமுறைதான் திருப்ப முடியும். நாலாம் நாள் மெஷினை, வயிற்றில் இருந்த டிஸ்க்கோடு, பெட்டியில் போட்டுக்கொண்டு கடைக்குக் கிளம்பினேன். "நான் தூக்குறேன்" என்று அவர் பின்னாலேயே வந்து பெட்டியை வாங்கிக்கொண்டார்.

புகார் கவுண்டரில் எனக்கு முன்னால் மூன்று பேர். மூன்று பேர் கையிலும் அதே பெட்டி. பார்த்ததும் ஒன்றுவிட்ட சொந்தக்காரர்களைப் பார்த்தது போல இருந்தது.

"என் மச்சான் கல்யாண டிஸ்க்கை முழுங்கிடுச்சு. பதினஞ்சு நாளாச்சு, இன்னும் துப்பல" என்றார் முதலில் நின்ற லாரி டிரைவர்.

"தலையில தட்டிப் பாத்தீங்களா? எங்களது தட்டினாத்தான் திறக்கும்" என்றேன்.

"என்னோடதுல எப்பவும் மணி பன்னெண்டு" என்றாள் அடுத்து நின்ற நர்ஸ். "எட்டு மணி நாடகத்தைப் பதியச் சொல்லிட்டு டியூட்டிக்குப் போறேன். அதுக்கு எட்டு மணியே வரமாட்டேங்குது."

மூன்றாவது ஆள் ஒரு நூலகர். அவருடைய மெஷின் ஒழுங்காகப் பதிகிறதாம். பதிந்த டிஸ்க் வேறு எந்த வீட்டிலும் ஓடவில்லையாம். கவுண்டர்காரர் நாளைக்கு நாற்பது முறை சொல்லிச் சலித்த குரலில் விளக்கினார். "பதிஞ்சதும் மெனுவுக்குப் போய் டிஸ்க்கை முடிச்சு வைக்கணும் சார். இல்லன்னா பதிஞ்ச மெஷின்ல மட்டும்தான் ஓடும்."

"இதை ஏன் விக்கும்போது சொல்லல?"

"விக்கும்போது யாரும் கேக்கலயே சார்."

என் முறை வந்தது. "நான் பேசினதைப் பதியச் சொன்னா, ஆட்டைப் பதிஞ்சிருக்கு" என்றேன். பின்னால் யாரோ கனைத்தார்கள். கவுண்டர்காரர் முகத்தில் சலனமே இல்லை. மெஷினை அங்கிருந்த பெரிய டிவியில் இணைத்து ஓடவிட்டார். அதே ஆடு, அதே மருத்துவர். இந்த முறை பிளக் என் கைக்கு எட்டவில்லை. மருத்துவர் வாயைத் திறந்தார். என் குரல் வந்தது.

"கழுத்துப் பட்டையை இப்படிக் கெட்டியா பிடிச்சுக்கணும்."

மருத்துவர் ஆட்டின் கழுத்தைப் பிடித்தார்.

"பிளேடை உள்ள விட்டு, தையலை ஒண்ணொண்ணா பிரிக்கணும். அவசரப்படக் கூடாது."

மருத்துவர் ஊசியை எடுத்தார். ஆடு கேமராவைப் பார்த்தது.

"அப்புறம் அப்படியே திருப்பிடணும். தேஞ்ச பக்கம் உள்ள போயிடும், நல்ல பக்கம் வெளிய வந்துடும். பாக்குறவங்களுக்கு வித்தியாசமே தெரியாது."

மருத்துவர் ஆட்டைத் திருப்பி வாலைத் தூக்கினார்.

லாரி டிரைவர் சிரிப்பு தாங்காமல் தன் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார். நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சண்டைக்கு வந்த நானும் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டியதாயிற்று.

கவுண்டர்காரர் மட்டும் சிரிக்காமல் கேட்டார். "மைக்கைச் சொருகினீங்களா?"

"பின்னே? மைக் இல்லாம சத்தம் எப்படிப் பதியும்?" என்றார் வீட்டுக்காரர். இருபது வருட அனுபவம் பேசியது. "டிவி முன்னாடி ஸ்டூல் போட்டு, மைக்கை நிறுத்தி வெச்சேன்."

"மெஷினுக்குத் தனியா சேனல் வைக்கணும் சார். நீங்க டிவியில மட்டும் வெச்சிருக்கீங்க. அதனால படம் வேற சேனல்ல இருந்து வந்திருக்கு. மைக்கைச் சொருகினா அந்த சேனல் சத்தம் போயிடும், உங்க வீட்டு சத்தம்தான் ஏறும்."

அவர் சொல்லி முடிக்கவும், டிவியில் நாத்தனாரின் குரல் கேட்கவும் சரியாக இருந்தது. "என்னடா இவ இப்படி இழுத்து இழுத்துப் பேசுறா. முகம் வேற உப்பிக் கிடக்கு. நானா இருந்தா..."

"அக்கா, பேசாம இரு."

எனக்கு முதலில் அது யார் குரல் என்றே தெரியவில்லை. மேடை எண் சொல்கிற குரல் இல்லை. தாழ்ந்த, கண்டிப்பான குரல்.

"இல்லடா, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"எதுவா இருந்தாலும் அப்புறம் சொல்லு. அவ பேசி முடிக்கட்டும்."

அதற்குப் பிறகு மூச்சு விடும் சத்தம்கூட இல்லை. என் குரல் மட்டும் நான்கு நிமிடம், கடைசி முடிச்சுப் போடும் வரைக்கும் தங்குதடையில்லாமல் போனது. ஆடு எப்போது போனது, கோழிகள் எப்போது வந்தன என்று நான் கவனிக்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். வீட்டுக்காரர் சுவரில் ஒட்டியிருந்த உத்தரவாத விதிகளை மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"உங்க புகார் நியாயம்தாம்மா" என்றார் கவுண்டர்காரர். உண்மையில் அது நியாயமே இல்லை, வரிசையையே சிரிக்க வைத்ததற்கு அவர் கொடுத்த கூலி. "வேற மெஷின் மாத்தித் தரேன்."

"இந்த டிஸ்க் அதுல ஓடுமா?"

"முடிச்சு வெச்சா ஓடும். ஆனா இந்த மாடல்ல முடிச்சு வைக்கப் போனா சில சமயம் எல்லாமே அழிஞ்சிடுது."

நான் மெஷினை எடுத்துப் பெட்டியில் வைத்து மூடினேன். "மாத்த வேணாம்."

"அக்கா, நல்லா யோசிச்சுக்குங்க" என்றார் லாரி டிரைவர், உண்மையான கவலையோடு.

வழியில் வீட்டுக்காரர் பெட்டியைத் தோள் மாற்றித் தோள் மாற்றிச் சுமந்து வந்தார். கடைசியில், "உன் முகம் வரலையே" என்றார்.

"முகத்தைக் கண்ணாடியில பாத்துக்கறேன். இது எந்தக் கடையில கிடைக்கும்?"

பதினெட்டு வருடத்தில் என் வாக்கியத்துக்குப் பின்னால் அறிவிப்பு வராதது அதுதான் முதல் முறை.

அடுத்த ஞாயிறு நாத்தனார் வந்தார். "இன்னுமா அந்த ஆட்டைக் கட்டிக்கிட்டு அழறே?" என்றார்.

"உக்காருங்க அண்ணி, ஒரு தடவை முழுசா பாத்துடலாம்" என்றேன். ஆடு வந்தது. வீட்டுக்காரர் மெல்ல எழுந்து நழுவப் பார்த்தார். கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, டிவியின் சத்தத்தைக் கூட்டினேன்.