வாடையில்லாத பலகை

தேயிலை ஒரு ரோசக்காரச் சரக்கு. பக்கத்தில் ஏதாவது நாறினால் போதும், அந்த வாடையை வாங்கிக்கொண்டு கெட்டுப்போகும். அதனால் இலங்கையில் லுணுகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலைப் பெட்டி அடித்த அழகர், பலகையைக் கையால் பார்ப்பதற்கு முன் மூக்கால் பார்த்தார். சீமையிலிருந்து வரும், ஏடு ஏடாகப் பசை போட்டு ஒட்டிய பர்ச் மரப் பலகையை முகர்ந்து பார்த்துத்தான் எடுப்பார். அவர் அடித்த பெட்டியில் போன தேயிலை ஒரு தடவைகூடத் திரும்பி வந்ததில்லை. அந்தத் தலைக்கனம் அவருக்கு நிறையவே இருந்தது.

அந்த வருடம் தோட்டத்தை நடத்திய துரை, டிராக்டர் இழுக்கும் டிரெய்லர் ஒன்றை நோயாளி வண்டியாக்கச் சொன்னார். இரும்புச் சட்டம் இருந்தது. அடித்தளமும் சுவரும் கூரையும் பலகையில் செய்ய வேண்டும். அழகருக்கு உள்ளூரச் சந்தோஷம். மகள் ரெங்கம்மாவுக்குத் தலைப்பிரசவம். வலி கண்டால் பதுளை ஆஸ்பத்திரிக்கு அதில்தான் போவாள்.

பதுளையில் லத்தீப் முதலாளியின் கடையில் இரண்டு வகை பர்ச் பலகை இருந்தது. ஒன்று மருந்துபோல் நாறியது. அழகர் முகத்தைச் சுளித்தார்.

"பசை வாடதான் அழகர். மழத்தண்ணிக்கு ஒட்டு விடாது. இதயே எடுங்க," என்றார் லத்தீப்.

"வாட அடிக்கிற பலகய நான் தொட மாட்டேங்க."

"தேயிலப் பெட்டிக்கா கேக்குறீங்க? ஆளு ஏத்துற வண்டிக்குத்தானே?"

"எம்மகளே அதுல போகப் போறா, மொதலாளி. நாத்தத்துலயா படுக்க வைப்பேன்?"

லத்தீப் வாடையில்லாத மற்றப் பலகையை எடுத்துக் கொடுத்தார். மனுஷன் இன்னும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

வண்டி பளிச்சென்று வந்தது. துரையே தட்டிப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு ஐப்பசி மழை பிடித்தது, விட்டபாடில்லை. வண்டி வெளியில் நனைந்துகொண்டு நின்றது. ஒரு நாள் காலையில் அழகர் உள்ளே ஏறியபோது அடித்தளம் காலடியில் லேசாக அமுங்கியது. ஓரத்தில் பலகை ஏடு ஏடாகப் பிரிந்திருந்தது. காய்ந்தால் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இறங்கினார். யாரிடமும் மூச்சுவிடவில்லை.

மறுநாளே ரெங்கம்மாவுக்கு வலி கண்டது. மெத்தை போட்டு அவளைப் படுக்கவைத்தார்கள். தாய் மாரியாயி பக்கத்தில் உட்கார்ந்தாள். டிரைவர் வீரசிங்கம் டிராக்டரைக் கிளப்பினான்.

சொல்லியிருக்கலாம். மகளை இறக்கிக் கட்டிலோடு தூக்கிப் போகச் சொல்லியிருக்கலாம். ஆனால் இத்தனை பேர் முன்னால், தான் எடுத்த பலகை சரியில்லை என்று சொல்ல அழகருக்கு வாய் வரவில்லை.

"வீரசிங்கம், பைய போப்பா," என்றார்.

"சரிங்க மாமா."

டிராக்டர் புறப்பட்டதும் மனம் கேட்கவில்லை. தேயிலைக்குள் குறுக்குப் பாதையில் விழுந்தடித்து ஓடினார். அவர் ரோட்டில் இறங்கியபோது, வளைவுக்கு அப்பால் டிராக்டர் சத்தம் நின்றுபோயிருந்தது.

"ஐயோ எம்புள்ள! அடிப்பலக ஒடஞ்சு சக்கரத்துல விழுந்துருச்சே!" மாரியாயி அலறினாள்.

நடுரோட்டில் உடைந்த பலகைத் துண்டொன்று, ஊறிய அப்பளமாகப் பிரிந்து கிடந்தது. அழகர் அதைக் குனிந்து எடுத்தார். பழக்கதோஷம், கை தானாக மூக்கருகே போனது.

ஒரு வாடையும் இல்லை.