தேவைக்குப் போகலாம்

வாகினி மிஸ் வெண்பலகையின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு கீறினார். இடப்பக்கம் 'தேவை', வலப்பக்கம் 'விருப்பம்' என்று எழுதினார். "இல்லாமல் வாழ முடியாதவை தேவைகள். இல்லாமலும் வாழக்கூடியவை விருப்பங்கள். இதுதான் வரைவிலக்கணம், எழுதிக்கொள்ளுங்கோ" என்றார்.

நான் எழுதி அடிக்கோடும் இட்டேன்.

"மிஸ், டேட்டாவ எந்தப் பக்கம் போடுறது?" என்று எல்கடுவயிலிருந்து வரும் சஜீவன் கேட்டான்.

"விருப்பத்தில."

"அப்ப நீங்க நோட்ஸ வாட்ஸப்புல அனுப்பாதீங்க மிஸ்."

"இவனுக்கு வகுப்பே விருப்பந்தான் மிஸ்" என்றாள் பக்கத்தில் இருந்த தர்ஷிகா. "தேவ என்னன்னா, பஸ்ஸு வர்ற வரைக்கும் ஒக்காற ஒரு எடம்."

எல்லோரும் சிரித்தார்கள். மிஸ்ஸும் சிரித்தார். அவர் எங்களைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். பகலில் மாவட்டச் செயலகமான கச்சேரியில் வேலை. எங்கள் வகுப்பு மாத்தளை நகரில் ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில் செவ்வாயும் வெள்ளியும் மாலையில் நடக்கிறது. 'கலை, சமூக விஞ்ஞான அடிப்படை எண்ணக்கருக்கள்' என்பது பாடத்தின் பெயர். வெளிவாரிப் பட்டத்துக்கு விண்ணப்பிக்க இருக்கிறவர்கள் படிப்பது. நான் பகலில் ஒரு பல் வைத்தியரிடம் இலக்கச் சீட்டுக் கொடுக்கிறேன். வகுப்பில் கேட்டதை வீட்டுக்கு வந்து நாட்குறிப்பில் திருப்பி எழுதாவிட்டால் எனக்கு அது தெரிந்ததாகவே படுவதில்லை. எழுதிய பிறகும் சரியா என்ற சந்தேகம் போவதில்லை.

அன்று அலுவிகாரையில் உள்ள எங்கள் வீட்டுக்குத் திரும்பியபோது உம்மா அறைக்குள் என் தங்கையின் கைபேசியைப் பிடித்தபடி இருந்தார். வாப்பா மௌத்தாகி இரண்டு மாதம்தான். உம்மா இத்தா இருக்கிறார். கணவனை இழந்த பெண் எங்களில் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருப்பது அது. வெள்ளை உடுத்து, அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் இருப்பார்கள்.

கைபேசியில் மதுரா தெரிந்தாள். பக்கத்து வீட்டு மங்கையற்கரசி அன்ரியின் மகள். கொழும்பில் வேலை. தாய்க்கு நுரையீரல் நோய் முற்றியதால் வந்து மாத்தளை ஆஸ்பத்திரியில் நிற்கிறாள். அவள் கைபேசியைத் திருப்பினாள். ஒட்சிசன் முகமூடி. அதற்கு மேல் மூடிய கண்கள்.

"அக்கா, நான் மஸூதா" என்றார் உம்மா. "கேக்குதா? ஒங்கட பலா மரம் இந்த முறயும் எங்கட பக்கந்தான் காச்சி ஈக்கி. வந்து சண்ட பிடிங்க."

கண்கள் திறக்கவில்லை. மதுரா, "கேட்டிருக்கும் அன்ரி" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு மதில். உம்மாவும் அன்ரியும் முப்பது வருடமாக அந்த மதிலின் இரு புறமும் நின்று கதைத்தவர்கள். அன்ரியின் தாய் தகப்பன் பருத்தித்துறை. தபால் கந்தோரில் வேலை கிடைத்து மாத்தளைக்கு வந்த அன்ரி இங்கேயே வீடு கட்டிவிட்டார். பலாக் கிளை யாருடையது என்று இருவரும் வருடா வருடம் சண்டை பிடிப்பார்கள். சண்டை முடிந்து பழத்தை இரண்டாக வெட்டுவார்கள்.

உம்மா கைபேசியை என்னிடம் தந்துவிட்டுச் சொன்னார்: "வாப்பாட கடைசி நேரம் அந்த வாட்டுல ஆர் என்ட கையப் பிடிச்சிட்டு நின்ட? என்ட நானா கடையில. நீங்க ரெண்டு பேரும் வீட்டுல. அவதான் நின்ட. போன்ல மொகம் தெரியும் மகள். கையப் பிடிக்க ஏலாவே."

அடுத்த நாள் நான் எங்கள் மௌலவிக்கு அழைப்பெடுத்தேன். கேட்க வேண்டியதை முதலில் தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான் கேட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"தேவைக்குப் பகல்ல போகலாம். இருட்ட முந்தி வீட்டுக்கு வந்திரணும்" என்றார்.

"சீக்காளியப் பாக்கப் போறது தேவையா ஹஸ்ரத்?"

"அது ஆளப் பொறுத்த. தேவ எனத்தென்டு உம்மாக்குத்தான் தெரியும். குடும்பத்தோட பேசி முடிவெடுங்க."

நான் தாளில் 'தேவை' என்று எழுதி, அதைச் சுற்றி வட்டம் போட்டேன். முந்தின நாள் வெண்பலகையில் பார்த்த அதே சொல். அப்போது அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. வகுப்பில் படித்தது வீட்டுக்கு உதவப்போகிறது என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து பஸ்லி மாமா வந்தார். உம்மாவின் நானா, அதாவது அண்ணன். நகரில் மிளகு, கராம்பு வாங்கி விற்கிற கடை வைத்திருக்கிறார். வாப்பா போனபின் எங்கள் வீட்டு விடயங்களை அவர்தான் பார்க்கிறார். எங்கள்மேல் பாசமானவர், ஆட்களின் வாய்க்குப் பயந்தவர்.

"மருந்தெடுக்கப் போறது தேவ" என்றார் அவர். "காணி விசயமாக் கையொப்பம் வெக்கப் போறது தேவ. கூட்டாளியப் பாக்கப் போறது ஆச. ரெண்டும் ஒண்டில்ல மஸூதா."

"அவ மௌத்தாகப் போறா நானா."

"நான் வேணாண்டு செல்லல்ல. ரெண்டு மாசம் பொறுத்திட்டீங்க. இப்ப ஆஸ்பத்திரி வாசல்ல ஆராவது கண்டா, அப்துல் ஸமத் ஹாஜியார்ட பொஞ்சாதி இத்தாவ முறிச்சிட்டாண்டு செல்லுவாங்க. மௌத்தாப் போன மனிசன்ட பேரு அது."

உம்மா தேத்தண்ணி ஊற்றச் சொல்லி என்னை எழுப்பினார்.

அன்று மாலை வகுப்பு முடிந்ததும் மிஸ்ஸின் மேசைக்குப் போனேன். "மிஸ், ஒருத்தருக்குத் தேவையா இருக்கிறது இன்னொருத்தருக்கு விருப்பமாத் தெரிஞ்சா, கோட்டின் எந்தப் பக்கம் போடுறது?"

அவர் வழிகாட்டிப் புத்தகத்தைப் புரட்டினார். "தேவைகள் இடத்துக்கும் காலத்துக்கும் ஏற்ப மாறுபடும் எண்டு இருக்கு" என்றார். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, "யாருக்கு?" என்று கேட்டார். சொன்னேன். அவர் கண்கள் கலங்கின. "எனக்குத் தெரியேல்ல ஜெஸ்லா" என்றார்.

பஸ்ஸில் வரும்போது எனக்கு ஒரு வழி தோன்றியது. உம்மாவுக்கு பிரஷர் கிளினிக் வியாழக்கிழமைகளில். அதே ஆஸ்பத்திரி. கிளினிக்குக்குப் போவது தேவை. அதை மாமாவே ஒத்துக்கொண்டார். மருந்து எடுத்துவிட்டு மாடிக்குப் போய் அன்ரியின் வார்டை எட்டிப் பார்த்தால் யாருக்குத் தெரியப்போகிறது? இதை நான் மெதுவாக, ஒவ்வொன்றாக உம்மாவிடம் சொன்னேன்.

உம்மா கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு கணம் முகம் மலர்ந்தது. பிறகு தலையாட்டினார்.

"மனசுல கிளினிக்குண்டு நிய்யத்து வெச்சிட்டு அவவப் பாக்கப் போனா, மருந்து பொய்யாப் போகும், அவவும் பொய்யாப் போவா. அவக்கிட்டப் போறண்டு வாய் திறந்து செல்லிட்டுத்தான் போகணும். ஒளிச்சிட்டுப் போய்ப் பாக்க அவ என்ட கள்ளக் கூட்டாளியா?"

என் தங்கை சிரித்துவிட்டாள். உம்மாவும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பஸ்ஸில் வழியெல்லாம் யோசித்துக் கண்டுபிடித்த வழி அது.

திங்கட்கிழமை உம்மா தானே மாமாவுக்கு அழைப்பெடுத்தார். நான் பக்கத்தில் இருந்தேன். "நானா, எனக்கு மங்கையக்காவப் பாக்கணும். ஆசண்டு வெச்சிக்கொள்ளுங்க, தேவண்டு வெச்சிக்கொள்ளுங்க. எனக்குச் சொல்லுத் தெரியா. போகாட்டி எனக்கு ஏலாது." குரல் உடையவில்லை.

மாமா சம்மதித்தார். ஆனால் வியாழக்கிழமை என்றார். அன்றைக்குத்தான் கிளினிக். ஆட்கள் கண்டாலும் மருந்துக்கு வந்ததாக நினைப்பார்கள். அவரே வேன் கொண்டுவருவார். "நீங்க ஒங்கட நிய்யத்தோட வாங்க. ஊரு அதுட நிய்யத்துல பாக்கட்டும்" என்றார்.

உம்மா வெள்ளைச் சேலையைத் துவைத்து அழுத்தி வைத்தார். பலாச்சுளை கொஞ்சம் எடுத்து டப்பாவில் போடச் சொன்னார். "தின்ன ஏலாது உம்மா, முகமூடி போட்டிருக்காங்க" என்றேன். "மணத்தட்டும்" என்றார்.

புதன்கிழமை காலை பக்கத்து வீட்டில் கதவுகள் திறக்கும் சத்தமும் ஆட்களின் பேச்சும் கேட்டன. மதுராவின் அழுகை அதற்குப் பிறகுதான் கேட்டது.

உம்மா எழுந்து நின்றார். பிறகு உட்கார்ந்தார். மௌத்துக்கு ஓதும் "இன்னா லில்லாஹி"யைச் சொல்லத் தொடங்கி நிறுத்திவிட்டு, "வியாழக்கிழம எண்டுதானே செல்லின" என்றார் யாரிடமோ.

பின்னேரம் பெட்டி வந்தது. தேவாரம் படிப்பது கேட்டது. பிறகு செத்தவீட்டுச் சடங்காக உரலில் சுண்ணம் இடிக்கும் சத்தம், மதிலுக்கு மேலாக. அன்ரியின் கணவர் இறந்தபோதும் அந்தச் சத்தம் கேட்டது. அப்போது உம்மா அந்த வீட்டுக்குள் அன்ரியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இப்போது முற்றம் முழுவதும் ஆண்கள். உம்மா அறைக்குள் ஜன்னல் சீலையைப் பிடித்தபடி நின்றார். இடிப்பு நிற்கும் ஒவ்வொரு தடவையும் அவருடைய கையும் சீலையை விட்டு இறங்கியது.

பெட்டியை எடுத்தார்கள். அவர்களில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. மதுராவும் மற்றப் பெண்களும் கேட்டோடு நின்றுவிட்டார்கள். நான் அங்கே அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். திரும்பி எங்கள் வீட்டு ஜன்னலைப் பார்த்தேன். சீலைக்குப் பின்னால் வெள்ளை தெரிந்தது.

சாம்பல் அள்ளும் காடாத்து முடிந்த பிறகு மதுரா எங்கள் வீட்டுக்கு வந்தாள். உம்மாவின் காலடியில் நிலத்தில் உட்கார்ந்தாள்.

"அன்ரி, செவ்வாய்க்கிழமை பின்னேரம் அம்மா கண் முழிச்சவா. முகமூடியை விலக்கிப்போட்டு, மஸூதா எங்க எண்டு கேட்டா. அன்ரிக்கு இத்தா அம்மா, வெளிய வரேலாது எண்டு சொன்னன். ஓம் ஓம், நான் மறந்துபோனன் எண்டா. 'அவ வரேலாட்டி நானெல்லோ போகோணும்' எண்டு சொல்லி, எழும்பிக் காலைக் கீழ வைக்கப் பார்த்தா. நர்ஸ் மிஸ்ஸியும் நானுமாப் பிடிச்சுப் படுக்க வைச்சம்."

உம்மா அவளுடைய தலையில் கையை வைத்தார். அந்தக் கையை அவள் பிடித்துக்கொண்டாள்.

அந்த வாரம் வாகினி மிஸ் பயிற்சி தந்தார். முதலாவது வினா: 'தேவை, விருப்பம் ஆகியவற்றைப் பொருத்தமான உதாரணங்களுடன் வேறுபடுத்துக.' மற்ற எல்லா வினாக்களுக்கும் எழுதினேன். இதற்கு நான் வரைவிலக்கணத்தை மட்டும் எழுதினேன். உதாரணத்துக்கு இடம் விட்டேன். இல்லாமல் வாழ முடியாதவை தேவைகள். உம்மா காலையில் எழும்பித் தொழுகிறார், சோறு ஆக்குகிறார், சாப்பிடுகிறார், பிரஷர் மருந்து போடுகிறார். அன்ரியைப் பார்க்காமல் அவர் வாழ்ந்துகொண்டுதான் இருக்கிறார். அப்படியென்றால் வரைவிலக்கணத்தின்படி அது விருப்பம். மாமா சொன்னதுதான் சரி. நான் இதைப் பலமுறை சரிபார்த்துவிட்டேன், பிழை எங்கே என்று தெரியவில்லை. ஆனால் அந்தச் சொல்லை வலப்பக்கத்தில் எழுத என்னால் முடியவில்லை.

மிஸ் விடைத்தாளைத் திருப்பித் தந்தபோது வெற்றிடத்தின்மேல் சிவப்புக் கோடு எதுவும் போட்டிருக்கவில்லை. புள்ளியும் போட்டிருக்கவில்லை.

இத்தா முடிந்த நாள் பஸ்லி மாமா காலையிலேயே வேன் கொண்டுவந்தார். மாமி புது உடுப்பு எடுத்து அனுப்பியிருந்தார், இளநீலம். உம்மா குளித்து அதை உடுத்து வாசலுக்கு வந்து நின்றார். இவ்வளவு நாளுக்குப் பிறகு வெயில் முகத்தில் பட்டதும் கண்ணைச் சுருக்கினார்.

மாமா வேன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். "எங்க போகணும் செல்லுங்க மஸூதா. மச்சான்ட கபுரடிப் பக்கம் போய் வருவமா? எங்கட வீட்டுக்கா? நீங்க செல்ற எடத்துக்குப் போவம். ஆருக்கும் பயப்படத் தேவல்ல."

உம்மா பக்கத்து வீட்டைப் பார்த்தார். மதுரா கொழும்புக்குத் திரும்பிப் போயிருந்தாள். கேட்டில் பூட்டு. மதிலுக்கு மேலாக இந்தப் பக்கம் நீண்ட கிளையில் ஒரு பலாக்காய் பெருத்திருந்தது.

"எனக்கு எங்கயும் போற தேவ இல்ல நானா" என்றார் உம்மா.