காணாமல் போனவரின் கையெழுத்து

"கரு ரெண்டும் பத்திரமா உறைய வச்சிருக்கோம். கர்ப்பப்பையில வைக்கணும்னா உங்க வீட்டுக்காரர் கையெழுத்து வேணும். இல்லன்னா அவரோட இறப்புச் சான்றிதழ்" என்றார் கருத்தரிப்பு மைய டாக்டர்.

அண்ணி சுமலதா என்னைப் பார்த்தாள். காலாப்பட்டு கல்லூரியில் சட்டம் படித்தவள் என்று என்னை உப்பளத்தில் இருக்கும் இந்த மையம் வரைக்கும் கூட்டி வந்திருந்தாள். எங்கள் குடும்பத்தில் வேறு யாரும் பத்தாவதே தாண்டவில்லை.

என் அண்ணன் புருஷோத்தமன் போன ஐப்பசியில் கடலுக்குப் போனவன். திரும்பவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை.

எனக்கு ஆத்திரம் ஒரு பக்கம், குடைச்சல் ஒரு பக்கம். சட்டத்தின் கண்ணில் இப்போது என் அண்ணன் யார்? தான் செத்தால் கருவை மனைவி வைத்துக்கொள்ளலாம் என்று முன்பே எழுதிக் கொடுத்திருக்கிறான். உயிரோடு இருந்தால் வந்து கையெழுத்துப் போடலாம். சட்டத்தில் செத்தவனுக்கு வழி இருக்கிறது, இருப்பவனுக்கும் இருக்கிறது. காணாமல் போனவனுக்கு மட்டும் ஏழு வருஷம் காத்திரு என்கிறது. அண்ணிக்கு நாற்பத்து நாலு. ஐம்பது தாண்டினால் அதே சட்டம் அவளை வாசலிலேயே நிறுத்திவிடும். எந்தப் புத்திசாலி உட்கார்ந்து எழுதினானோ.

விடாமல் தோண்டினேன். சாவை நேரில் பார்த்தவர் சாட்சி சொன்னால் ஏழு வருஷம் தேவையில்லை. பார்த்தவர் இருக்கிறார். அதே படகில் போய்ப் பிழைத்து வந்த சக்கரபாணி மாமா, அண்ணியின் கூடப் பிறந்தவர். ஆனால் போலீசில் அவர் சொன்னது "ஆளைக் காணல." உடம்பு கரைக்கு வராமல் ஒருவரைச் செத்தவர் என்று எங்கள் ஊரில் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

அண்ணி மீன் விற்கும் பெரிய மார்க்கெட்டில் மாமா ஐஸ் இறக்கிக்கொண்டிருந்தார்.

"மாமா, அன்னிக்கு நீ என்ன பாத்த?"

"அப்பவே சொல்லிட்டேனே. காணலன்னு."

"அது நீ பாக்காதது. பாத்ததைக் கேக்கறேன்."

"நாலு எழுத்து படிச்சிட்டா என்ன வேணா கேப்பியாடி? என் தங்கச்சி பொட்டை நானே அழிக்கணுமா?"

"நீ வாயத் தொறக்காததால அவளுக்குப் புள்ள இல்லாம போவுது."

"அத அவ வந்து கேக்கட்டும்." கேட்க மாட்டாள் என்ற தைரியம்.

மத்தி மீன் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அண்ணி எழுந்து வந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"சொல்லுண்ணே. என்ன பாத்த?"

மாமா ஐஸ் கட்டியையே பார்த்தார். "பலகையைப் புடிச்சிட்டிருந்தாரு. பெரிய அலை வந்துச்சு. கை விட்டுட்டாரு. நான் முடியைப் புடிச்சேம்மா. வழுக்கிடுச்சு."

"அப்பறம்?"

"மேல வரல."

"செத்துட்டாருன்னு சொல்லு."

பக்கத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்தவளின் கத்தி நின்றது. அண்ணி நகரவில்லை.

"செத்துட்டாரு" என்றார் மாமா.

"கோர்ட்டுலயும் சொல்லுவியா?"

தலையாட்டினார்.

அண்ணி என் பக்கம் திரும்பினாள்.

"அவரு போனப்பறம் புள்ள பொறந்தா, அப்பன் பேரு அவரு பேருதானே போடுவாங்க?"

"தெரியல அண்ணி. போட வைக்கிறேன்."

"அத மொதல்ல பாரு" என்றாள், கூடைக்குத் திரும்பிக்கொண்டே.