சின்ன ஓட்டைக் கரண்டி

பேருந்து ஓட்டுநர் கடற்கரையில் கைக்கடிகாரத்தைத் தொலைத்த அன்றே தூக்கத்தையும் அங்கே தொலைத்தார். அதன்பின் ஒன்பது வருடம் அவர் ஒரு பொட்டும் தூங்கவில்லை. உடம்பில் குறை எதுவும் இல்லை, தூக்கம் மட்டும் வேறெங்கோ இருக்கிறது என்று மருத்துவர் சீட்டில் எழுதிக் கொடுத்தார். எங்கே என்பது தெருவுக்கே தெரியும். ஓட்டுநர் அலுத்துக்கொள்ளவில்லை. யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் விடியும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அவர் மனைவியின் தம்பி ஒரு வெல்டர். வெல்டரின் மகள் நிமோனியாவில் கிடந்த பதினேழு நாளும் நெற்றித் துணியை மாற்றிப் போட்டவர் அவர்தான். பெற்றவன் சுவரில் சாய்ந்து குறட்டை விட்டான். பிள்ளை பிழைத்துவிட்டாள், அந்தக் குறட்டை மட்டும் வெல்டரின் மனதை அறுத்துக்கொண்டே இருந்தது.

ஓய்வு பெற்றதும் கடிகாரத்தைத் தேட ஓட்டுநர் ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கினார். அலை கால் நனைக்கும் இடத்தில் அது கத்தும். மண்வெட்டியோடு குனிவதற்குள் குழி தூர்ந்துவிடும். இருபத்தெட்டு வருடம் ஸ்டியரிங் பிடித்த இடுப்பு அதற்குமேல் வளையாது.

"நிமிந்து நின்னே அள்ளுற மாதிரி ஒரு கரண்டி செஞ்சு தர்றேன் மாமா" என்றான் வெல்டர்.

அகலமான எவர்சில்வர் குழாயைச் சாய்வாக வெட்டி, பின்பக்கத்தைத் தகடு வைத்து அடைத்து, காலால் மிதித்து இறக்க ஒரு பட்டையைப் பற்றவைத்து, மாமாவின் நெஞ்சுயரத்துக்குக் கைப்பிடி வைத்தான். மணல் உதிர்ந்து இறங்க ஓட்டை வேண்டும். கடிகாரத்தின் திருகுகூட நழுவிவிடக்கூடாது என்று, இருப்பதிலேயே சின்ன டிரில் பிட்டால் நானூறு ஓட்டை போட்டான். பாசம் கண்ணை மறைத்துவிட்டது. தண்ணீர் வடிந்ததே தவிர ஈரமணல் ஒரு பொடிகூட இறங்கவில்லை.

"கரண்டி கேட்டா அண்டா செஞ்சு வச்சிருக்கியேடா" என்று அக்கா சிரித்தாள்.

விரல் நுழையும் ஓட்டைகளோடு இரண்டாவது கரண்டி செய்தான். மூன்றாம் நாளே கடிகாரம் வந்தது; சாவி கொடுத்ததும் ஓடவும் செய்தது. அதைக் கட்டிக்கொண்டு ஓட்டுநர் ஒரு வாரம் படுத்துப் பார்த்தார். இமை ஒட்டவில்லை.

"பரவால்ல மாப்ள, கடிகாரம் கெடச்சுதே, அது போதும்" என்றார். வெல்டர் பட்டறைக்குப் போய் முகமூடியை மாட்டிக்கொண்டு அழுதான்.

அக்காவுக்குத்தான் பட்டது. தூக்கம் மணலைவிடப் பொடி. பெரிய ஓட்டை வழியே நழுவியிருக்கும். "அந்த அண்டாவ எடுத்துட்டு வா" என்றாள்.

அதே இடத்தில் ஓட்டுநர் பட்டையை மிதித்து ஒரே ஒரு முறை அள்ளினார். தண்ணீர் வடிந்தது, மற்றதெல்லாம் நின்றது. கைப்பிடியில் மோவாயை வைத்தவர் நின்றபடியே தூங்கிப்போனார். விரல்களைப் பிரிக்க முடியாததால் கரண்டியோடு சேர்த்துத் தள்ளுவண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

பதினேழு நாள் தூங்கினார். வெல்டர் பட்டறையைப் பூட்டிவிட்டு, அதே நாற்காலியில் கண் கொட்டாமல் உட்கார்ந்திருந்தான். பதினெட்டாம் நாள் காலை ஓட்டுநர் கண்விழித்தார்.

"நீ தூங்கலையா மாப்ள?"

"இது என் முறை மாமா."

கரண்டி இப்போது ஓட்டுநர் வீட்டு வாசலில் சாத்தியிருக்கிறது. தூக்கம் வராதவர்கள் கேட்டு வாங்கிப் போகிறார்கள். கழுவித் திருப்பித் தரவேண்டும் என்பது மட்டும் அக்காவின் நிபந்தனை.