பாசி வெளிச்சம்

லிஃப்ட்காரரிடம் பதினேழு டார்ச் இருந்தது. அதில் பதினாறின் மேல் அவருக்கு உயிர். பதினேழாவது, மனைவி ஆசையாக வாங்கிக் கொடுத்தது.

உடனே அவரைத் திட்டக் கிளம்பிவிடாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள், நானே திட்டுகிறேன்.

லிஃப்ட் மெக்கானிக்குக்கு டார்ச் விளையாட்டுச் சாமான் இல்லை. பட்டப்பகலில்கூட லிஃப்ட் குழிக்குள் கும்மிருட்டுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கம்பெனி அவருக்கு ஒரு டார்ச் கொடுத்திருந்தது. அந்த வெளிச்சத்தில் சிவப்பு வயருக்கும் ஆரஞ்சு வயருக்கும் வித்தியாசமே தெரியாது. ஆனாலும் மனுஷன் அதை வைத்துக்கொண்டே பல வருஷம் ஓட்டினார். ஒரு நாள் வயரை மாற்றி மாட்டிவிட்டார். மூன்றாம் மாடிக்குப் பட்டனை அமுக்கியவர்கள் எல்லாம் ஐந்தாம் மாடியில் போய் இறங்கினார்கள். வங்கிக்கு வந்த ஒரு பெரியவர் ஐந்தாம் மாடிப் பல் டாக்டரிடம் போய் நாற்காலியில் உட்கார்ந்தே விட்டாராம். வாயைத் திறக்கச் சொன்ன பிறகுதான் அவருக்குச் சந்தேகம் வந்தது.

அந்தப் பல் டாக்டர் அம்மாதான் கீழே இறங்கி வந்து டார்ச்சை வாங்கிப் பார்த்தார். பார்த்ததும் உச்சுக்கொட்டினார். "தப்பு உங்க மேல இல்லங்க, இந்த வெளிச்சத்து மேல. இதுல சிவப்பே தெரியாது. நான் இதை வெச்சுப் பல்லு கலர் பாத்தா, நோயாளிக்கு ஒரு பல்லு மட்டும் வேற வீட்டுப் பல்லு மாதிரி இருக்கும்" என்றார். அன்றைக்கே லிஃப்ட்காரரைப் போனில் ஒரு குழுவில் சேர்த்துவிட்டார். பழைய டார்ச் குப்பைத் தொட்டிக்குப் போனது. அதோடு மனுஷனின் நிம்மதியும் போனது.

டார்ச் பைத்தியங்களின் குழு அது. இருபத்திரண்டு பேர். வெயிலில் ஒரு பொருள் என்ன நிறமோ, அதை அப்படியே காட்டுகிற டார்ச்சுக்கு நூற்றுக்கு நூறு மார்க். தொண்ணூறுக்குக் கீழே வாங்கியதை வெளியே எடுத்தால் கேலி தாங்காது. மார்க் மட்டும் போதுமா என்றால், போதாது. வெளிச்சத்துக்குச் சாயல் ஒன்று இருக்கிறது. லேசாக ரோஸ் அடித்தால் லிஃப்ட்காரருக்குச் சொக்கிப்போகும். இதற்காகவே குழுவில் அவருக்கு 'ரோஸ்' என்று பட்டப்பெயர். அவருக்கு எதிர்க்கட்சி ஒருவர் உண்டு. குளிர்பதனக் கிடங்கு வைத்திருப்பவர். பளீரென்ற நீல வெள்ளை வெளிச்சம்தான் வெளிச்சம், மற்றதெல்லாம் மஞ்சள் தண்ணி என்பது அவர் கட்சி. அவருக்குப் பெயர் 'ஐஸ்'. இரண்டு பேரும் காலையில் ஆரம்பித்தால் மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டுச் சண்டை போடுவார்கள்.

ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் இரண்டு கட்சியும் ஒன்று. பச்சைச் சாயல் மட்டும் ஆகவே ஆகாது. அந்தக் குழுவில் பச்சை என்பது கெட்ட வார்த்தை.

இப்போது மனைவிக்கு வருவோம். துணி வெளுத்துத் தரும் கடை ஒன்றில் டார்னிங் வேலை அவளுக்கு. கிழிந்த கோட்டு, பூச்சி அரித்த சால்வை, சிகரெட் சுட்ட பேன்ட் என்று எது வந்தாலும், அதே நிறத்தில் நூல் தேடி, ஓட்டை இருந்த இடமே தெரியாமல் நெய்து கொடுத்துவிடுவாள். துணியை ஒரு பார்வை பார்ப்பாள். அப்புறம் துணியை மேஜையிலேயே விட்டுவிட்டு உள்ளே போய் நூலை எடுத்து வருவாள். வைத்துப் பார்த்தால் அச்சாக அதே நிறம். இது தனக்குப் பெரிய வித்தை என்று அவள் ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. வீட்டில் பதினாறு டார்ச்சையும் சுவரில் அடித்து, "இது ரோஸா, இது ரோஸா" என்று கணவர் கேட்கும்போது, "எனக்கென்னங்க தெரியும்" என்று பாத்திரம் கழுவப் போய்விடுவாள். அவரும் அதை நம்பினார். நம்பியதுதான் முதல் முட்டாள்தனம்.

இவர்கள் சந்தித்ததே நின்றுபோன ஒரு லிஃப்டில். பதினாலு வருஷத்துக்கு முன்னால், இரண்டு மாடிக்கு நடுவே, நாற்பது நிமிஷம் தன்னந்தனியாக மாட்டிக்கொண்டிருந்தாள் அவள். கதவை நெம்பித் திறந்து அவளை வெளியே எடுத்தவர் இவர்தான். அந்தக் கதையை இவர் சொன்னால் கதவுப் பூட்டின் ஸ்பிரிங்கில் ஆரம்பித்து அதே ஸ்பிரிங்கில் முடியும். நடுவில் 'உள்ள ஒரு பொண்ணு இருந்துச்சு' என்று ஒரு வரி வரும்.

போன மாதம் கல்யாண நாளன்று அவள் ஒரு பொட்டலத்தை நீட்டினாள். பிரித்தால் டார்ச். கணவருக்கு வாயெல்லாம் பல். ஜன்னலைச் சாத்திவிட்டு அடித்தார்.

பச்சை.

சாதாரணப் பச்சை இல்லை. சுவர், அலமாரி, காலண்டர், மனைவியின் முகம் எல்லாம் பச்சை. அவள் பக்கத்தில் வந்து நின்று அவர் முகத்தையே பார்த்தாள்.

"எதாவது ஞாபகம் வருதா?" என்று கேட்டாள்.

"வருதே... கடல்! கடல் ஞாபகம் வருது. அற்புதமா இருக்கும்மா. இப்படி ஒரு வெளிச்சத்தை நான் பாத்ததே இல்ல."

பச்சைப் பொய் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இதைவிடப் பச்சையாக ஒரு பொய்யை யாரும் சொல்லியிருக்க முடியாது. அவள் "ம்... கடலா" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து ஆரம்பித்தது நாடகம். தினமும் அவள் கண் பார்க்க அந்த டார்ச்சை இடுப்பில் மாட்டிக்கொண்டு கிளம்புவார். தெருமுனை திரும்பியதும் கழற்றிப் பையின் அடியில் போட்டுவிட்டு ரோஸ் டார்ச்சை மாட்டுவார். சாயங்காலம் அதே முனையில் திரும்ப மாற்றுவார். முனையில் இருந்த செருப்புத் தைப்பவர் இதை மூன்று வாரம் பார்த்துவிட்டு, "என்ன சார், ட்யூட்டி மாத்துறீங்களா?" என்று கேட்டேவிட்டார்.

இதோடு நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பார். வாய் சும்மா இருந்தால்தானே? ஒருநாள் மதியம் குழுவில் எல்லோரும் தாங்கள் பார்த்ததிலேயே மோசமான டார்ச் எது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஐஸ் ஏதோ ஒன்றைச் சொல்லிக் கைதட்டல் வாங்கிவிட்டார். நம்மவருக்குப் பொறுக்கவில்லை. லிஃப்ட் குழிக்குள் உட்கார்ந்தபடியே, அந்தப் பச்சை டார்ச்சைப் பற்றித் தன் குரலில் பேசிப் பதிவுசெய்து அனுப்பினார். யார் கொடுத்தது என்று சொல்லவில்லை, அந்த மட்டுக்கும் புத்தி இருந்தது. டார்ச்சுக்கு 'பாசி' என்று பெயரும் வைத்தார். குழுவே விழுந்து விழுந்து சிரித்தது. அன்று முழுக்க அவருக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குக் குடும்பத்தோடு வர வேண்டும் என்று ஐஸ் அறிவித்தார். தன் கிடங்கிலேயே வைத்துக்கொள்ளலாம், சட்டரை இறக்கினால் காலை பத்து மணிக்கே இருட்டு என்றார். வீட்டில் இதை மறைக்கத்தான் பார்த்தார் லிஃப்ட்காரர். ஆனால் பல் டாக்டர் அம்மா நேராக மனைவிக்கே போன் செய்து கூப்பிட்டுவிட்டார்.

"அங்க ஒண்ணுமே இருக்காதும்மா. சும்மா இருட்டுல நின்னு சுவத்தைப் பாப்போம். உனக்குப் போரடிக்கும்."

"நாலு பேரு முன்னாடி நான் குடுத்ததை நீங்க அடிச்சுக் காட்ட வேணாமா?"

அவள் மட்டும் அந்தக் குரல் பதிவைக் கேட்டுவிட்டால், அப்புறம் என்ன முகத்தோடு அவளைப் பார்ப்பது? நிறத்தோடு பிழைப்பவளின் கண்ணைப் பற்றியே அதில் ஒரு வரி சொல்லி வைத்திருந்தார். ஞாயிறு காலையில் அவள் தலை வாரும் நேரம் பார்த்து டார்ச்சை அரிசி டப்பாவுக்குள் புதைத்தார். "ஐயையோ, வேலை செய்யுற இடத்துலயே விட்டுட்டேன் போலிருக்கே" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார். "போகட்டும், வாங்க" என்று அவளும் கிளம்பினாள். போகும் வழியெல்லாம் மனுஷன் சீட்டி அடித்துக்கொண்டு போனார்.

கிடங்கில் ஒரு விளையாட்டு வைத்திருந்தார்கள். வெள்ளைத் துணி ஒன்றைத் தொங்கவிட்டு, சட்டரை இறக்கிவிடுவது. இருட்டில் யாராவது ஒருவர் டார்ச் அடிக்க வேண்டும். மற்றவர்கள் அது எந்த டார்ச் என்று சொல்ல வேண்டும். நாலைந்து முறை நடந்தது. ரோஸ் விழுந்தபோது ஒரு கட்சி "ஆகா" என்றது. நீலம் விழுந்தபோது மறு கட்சி விசிலடித்தது.

அடுத்ததாகத் துணியில் பச்சை விழுந்தது.

உடனே இருபது தொண்டை ஒரே நேரத்தில் கத்தியது: "பாசி!"

"ரோஸ் அண்ணே, கொண்டாந்துட்டீங்களா!" என்று ஐஸ் சிரித்தார். "இதைப் பத்தி அண்ணன் சொன்னதை அண்ணன் குரல்லயே கேட்டாத்தான் ருசி. இருங்க, போடுறேன்."

"வேணாம், வேணாம்" என்று லிஃப்ட்காரர் இருட்டில் பாய்ந்தார். யாரோ ஒருவரின் மாமனார்மேல் மோதி, மன்னிப்புக் கேட்டு, திரும்பவும் பாய்வதற்குள் போன் பேச ஆரம்பித்துவிட்டது.

"நண்பர்களே, இதுக்குப் பேரு பாசி. கழுவாத மீன் தொட்டிக்குள்ள தலையை விட்ட மாதிரி இருக்கு. இதுல பழுத்த தக்காளி காயாத் தெரியுது. கண்ணாடியில என் மூஞ்சியைப் பாத்து நானே பயந்துட்டேன். கடைசியா ஒண்ணு. இதைக் கடையில பாத்துப் பாத்து எடுத்தவங்க யாரா இருந்தாலும், முதல்ல நல்ல கண் டாக்டரைப் போய்ப் பாக்கணும்!"

சிரிப்பு கூரையைப் பிய்த்தது. யாரோ விளக்கைப் போட்டார்கள். டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது அண்ணன் இல்லை, அண்ணி. டார்ச்சின் கழுத்தில் இரண்டு அரிசி ஒட்டிக்கொண்டிருந்தது. சிரிப்பு பாதியில் அறுந்தது. ஐஸ் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"அது வந்தும்மா..." என்றார் லிஃப்ட்காரர். தப்பு செய்தவன் வாய்க்கு இதைவிட என்ன வரும்?

"இது பச்சைன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா?" என்று அவள் கேட்டாள். குரல் உயரவில்லை. அதுதான் அவரை இன்னும் பயமுறுத்தியது. "கறுப்பு நூல்லயே நாப்பது கறுப்பு பிரிச்சு வெச்சிருக்கேன். எனக்குக் கண் டாக்டரா?"

"தெரிஞ்சுமா வாங்குனே? அப்ப ஏம்மா..."

"கடைக்காரர் ஒண்ணொண்ணா அடிச்சுக் காட்டுனாரு. நல்லா இருக்கு நல்லா இருக்குன்னு எல்லாத்தையும் தள்ளிட்டே வந்தேன். மூணு கடை ஏறி இறங்கினேன். நாப்பது நிமிஷம் அந்த லிஃப்டுக்குள்ள இருட்டுல உக்காந்து அழுதுட்டு இருந்தேன். நீங்க கதவை நெம்புனதும் முதல்ல உள்ள வந்தது ஒரு வெளிச்சம். அப்புறம்தான் உங்க மூஞ்சி. அந்த வெளிச்சம் இந்தக் கலருங்க. அச்சா இதே கலரு. பதினாலு வருஷமா என் கண்ணுலயே இருக்கு. அதுக்கு ஜோடி தேடித்தான் இதை எடுத்தேன்." அவள் குரல் இப்போதுதான் கொஞ்சம் உடைந்தது. "ஞாபகம் வருதான்னு கேட்டேன். நீங்க கடலுங்கிறீங்க."

பல் டாக்டர் அம்மா மூக்கை உறிஞ்சினார்.

லிஃப்ட்காரருக்குக் கம்பெனி கொடுத்த அந்தப் பழைய டார்ச் நினைவுக்கு வந்தது. சிவப்பையும் ஆரஞ்சையும் ஒன்றாகக் காட்டிய அதே டார்ச். குப்பையில் அவர் தூக்கிப் போட்ட வெளிச்சத்தை இவள் நூல் பொருத்துகிற மாதிரி, பக்கத்தில் வைத்துப் பார்க்க எதுவும் இல்லாமல், மனசிலிருந்தே பொருத்தி எடுத்து வந்திருக்கிறாள். பதினாறு டார்ச் வைத்துக்கொண்டு சாயல் சாயல் என்று அலைந்தவனுக்கு அது தெரியவில்லை. அவருக்கு அவமானமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது, அத்தனை பேர் முன்னால் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது.

"ஐஸ், விளக்கை அணைங்க" என்றார்.

ஐஸ் மறுபேச்சுப் பேசாமல் அணைத்தார். லிஃப்ட்காரர் அவள் கையிலிருந்து டார்ச்சை வாங்கி, அன்றைக்குப் பிடித்த மாதிரியே தோளுக்கு மேலே உயர்த்திப் பிடித்து அடித்தார். பச்சை வெளிச்சத்தில் அவள் முகம் தெரிந்தது. கன்னம் நனைந்திருந்தது. அன்றைக்கும் நனைந்துதான் இருந்தது. ஸ்பிரிங் கதையில் இத்தனை வருஷமாக அவர் விட்டுவிட்ட இடம் அதுதான்.

மற்றொரு கையை நீட்டினார். அன்றைக்குச் சொன்னதையே சொன்னார்.

"பயப்படாதீங்க. கையைக் குடுங்க."

அவள் கொஞ்ச நேரம் கொடுக்கவில்லை. கண்ணைத் துடைத்தாள். அவரை மேலும் கீழுமாகப் பார்த்தாள், வெள்ளைத் துணியைப் பார்த்தாள், திரும்பவும் அவரைப் பார்த்தாள். அப்புறம் கையைக் கொடுத்தாள்.

"ஆனாலும் ரொம்பப் பச்சைதாங்க" என்றாள்.